தண்ணீர் இறங்காத சிங்க்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சமையலறையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் விருந்து முடிந்த இரவில்தான் தலைகாட்டும். சாதம் ஒட்டிய பாத்திரங்கள், சாம்பார் வைத்த அண்டா, பாயசக் குண்டான், முருங்கைக்காய் சக்கை குவிந்த தட்டுகள் என எல்லாம் ஒரே நேரத்தில் சிங்க்குக்கு வந்து சேரும். மிச்சம் மீதியெல்லாம் சிங்க்குக்கு அடியில் பொருத்திய டிஸ்போசல் என்ற அரவை இயந்திரத்துக்குள் போகும். ஸ்விட்சைத் தட்டினால் அது கடகடவென்று அரைக்கும். ஏதோ ஒரு கட்டத்தில் தண்ணீர் இறங்குவது மெதுவாகும்; பிறகு நின்றேவிடும். மஞ்சள் எண்ணெய் மிதக்க, கறிவேப்பிலை அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்க, பாதித் தொட்டித் தண்ணீர் அசையாமல் நிற்கும்.

இது தமிழ் வீடுகளுக்கு மட்டும் வருவதல்ல. நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலல் நாள். அதற்கு மறுநாளை அமெரிக்க பிளம்பர்கள் ‘பழுப்பு வெள்ளி’ என்றே சொல்வார்கள். வான்கோழிக் கொழுப்பும் உருளைக்கிழங்குத் தோலும் நாடு முழுக்கக் குழாய்களை அடைத்து வைத்திருக்க, அன்று அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை.

தண்ணீர் நின்றதும் பதற்றத்தில் பலரும் செய்வது மூன்று. ஸ்விட்சை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள். இரண்டும் பலிக்காவிட்டால் கடைக்குப் போய் அடைப்பு நீக்கும் திரவத்தை வாங்கிவந்து கொட்டுவார்கள். மூன்றுமே வேண்டாம். சிக்கிக்கொண்ட மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது சூடேறும். சிங்க்குக்கு அடியில் இருக்கும் வெள்ளை பிவிசி குழாய் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் நம்பத்தக்கது. கொதிநீர் 100 டிகிரி. ரசாயனத் திரவத்தின் ஆபத்து இன்னும் பெரிது, அதற்குப் பிறகு வருவோம்.

அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. மோட்டார் என்ன சத்தம் போடுகிறது, எந்தத் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். பல வீடுகளில் நல்ல டிஸ்போசலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டியிருக்கிறார்கள். அடைப்போ அதைத் தாண்டி இரண்டடி தள்ளி, குழாயில், அப்படியே இருக்கும்.

அரைப்பது ஒன்று, வடிப்பது வேறு

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள ரசீன் என்ற ஊரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக்கலைஞர் இருந்தார். சமையலறைக் கழிவை அரைத்துச் சாக்கடையிலேயே அனுப்பிவிடும் இயந்திரத்தை அவர் 1927இல் உருவாக்கினார். 1935இல் காப்புரிமை கிடைத்தது; 1938இல் இன்சிங்கரேட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றும் அமெரிக்கச் சமையலறைகளில் அதிகம் கண்ணில் படும் பெயர் அதுதான். எல்லா நகரங்களும் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய சாக்கடைகள் தாங்காது என்ற அச்சத்தில் நியூயார்க் நகரின் பெரும்பகுதியில் இதற்குத் தடை இருந்தது. சோதனை முறையில் சில கட்டடங்களில் பொருத்திப் பார்த்துவிட்டு 1997இல்தான் அந்தத் தடையை நீக்கினார்கள்.

உள்ளே மிக்ஸியில் இருப்பதுபோல் கூரான பிளேடு சுழல்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பிளேடே கிடையாது. அடியில் ஒரு வட்டத் தட்டு. அதன்மேல் முன்னும் பின்னும் அசையும் மழுங்கிய இரண்டு உலோகத் துண்டுகள். சுற்றிலும் பல் வெட்டிய வளையம். தட்டு நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு மேல் சுழலும்போது உள்ளே இருப்பதெல்லாம் ஓரத்துக்கு வீசப்பட்டு, அந்த வளையத்தில் உரசித் தேய்ந்து, துணுக்குகளாகி, தண்ணீரோடு கீழே இறங்குகிறது. எதையும் வெட்டும் வேலை இங்கே நடப்பதில்லை என்பதால்தான் நாருள்ள எதைப் போட்டாலும் அது திணறுகிறது.

இந்த இயந்திரத்தின் பொறுப்பு அத்தோடு முடிந்துவிடுகிறது. அரைத்ததைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தண்ணீரின் வேலை. சிங்க்குக்கு அடியில் ஒன்றரை அங்குலக் குழாய். அது வளைந்து திரும்பிச் சுவருக்குள் போகிறது. பெரும்பாலான அடைப்புகள் உட்காருவது அந்த வளைவிலும் அதற்கு அப்பாலும்தான்.

காதால் கேட்பது

ஸ்விட்சை ஒரே ஒரு முறை, இரண்டு விநாடிக்கு மட்டும் போட்டுக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்று நடக்கும்.

சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை. டிஸ்போசலின் அடிப்பகுதியில் சிறிய சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் அது தானாக வெளியே துருத்திக்கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் பல நேரம் உயிர் வந்துவிடும். அழுத்தியும் நிற்காமல் மறுபடி துருத்தினால் இன்னும் சூடு ஆறவில்லை என்று பொருள். பட்டன் உள்ளேயே இருந்தால் ப்ளக் கழன்றிருக்கிறதா, பிரேக்கர் பெட்டியில் சமையலறைக்குரிய பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ப்ளக் சிங்க்குக்கு அடியில் சோப்புப் புட்டிகளுக்குப் பின்னால் இருப்பதால், எதையாவது எடுக்கும்போது கை பட்டுத் தளர்ந்துவிடுவது சகஜம்.

‘உம்ம்ம்’ என்ற முனகல் மட்டும் கேட்டால் மின்சாரம் வருகிறது, ஆனால் தட்டு சுழல முடியாமல் எதிலோ சிக்கியிருக்கிறது. உடனே நிறுத்திவிட வேண்டும். சிறிய ஸ்பூன், பாட்டில் மூடி, மாங்கொட்டை, புளியங்கொட்டை, பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரின் ஒரு கொத்து: இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு, அல்லது பிரேக்கரை இறக்கிய பிறகுதான் அடுத்த வேலை. சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாது. யாராவது விளக்கென்று நினைத்துத் தட்டிவிடலாம். தொட்டித் தண்ணீரை ஒரு குவளையால் மொண்டு பக்கெட்டில் ஊற்றிவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். வாயை மூடியிருக்கும் கருப்பு ரப்பர் மடிப்புகளை விலக்கினால் தட்டு தெரியும். சிக்கியதை இடுக்கியால் எடுக்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கியிருந்தாலும் கையை உள்ளே விடக் கூடாது. அது ஒரு பழக்கமாகவே இருக்கட்டும்.

இடுக்கிக்கு வராவிட்டால் கீழே போக வேண்டும். பல மாடல்களில் டிஸ்போசலின் அடியில், நட்டநடுவில், அறுகோணத் துளை ஒன்று இருக்கும். கால் அங்குல அலென் கீ அதில் பொருந்தும். இயந்திரத்தோடு கொடுத்த கீயைச் சிலர் அந்தக் கேபினட்டுக்குள்ளேயே ஒட்டி வைத்திருப்பார்கள். கீயை நுழைத்து இடமும் வலமும் மாற்றி மாற்றித் திருக வேண்டும். முதலில் கல்லாக இறுகியிருக்கும். பிறகு ஒரு ‘டக்’. அதன்பின் கீ முழுச் சுற்றும் தடையில்லாமல் சுழலும். சிக்கியது விடுபட்டதற்கு அந்த ‘டக்’தான் அடையாளம். துளை இல்லாத மாடல்களில் துடைப்பக் கட்டையை மேலிருந்து விட்டு, தட்டின் மேலுள்ள உலோகத் துண்டில் முட்டுக்கொடுத்து நெம்பலாம். பிறகு விடுபட்ட பொருளை வெளியே எடுத்து, ப்ளக்கை மாட்டி, சிவப்பு பட்டனை அழுத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு ஸ்விட்சைப் போட வேண்டும்.

மூன்றாவது வகைதான் மிக அதிகம். மோட்டார் வழக்கம்போல ஓடுகிறது, தண்ணீர் சுழல்கிறது, ஆனால் இறங்கவில்லை. இங்கே இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் சேற்றை இன்னும் உள்ளே இறுக்குவதுதான் நடக்கும். அணைத்துவிட்டு இரண்டாவது கேள்விக்கு வர வேண்டும்.

எந்தத் தொட்டி?

அமெரிக்கச் சிங்க்குகள் பலவற்றில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் மட்டும் டிஸ்போசல். இரண்டின் குழாய்களும் அடியில் ஒரு ‘டி’ வடிவ இணைப்பில் சேர்ந்து ஒரே குழாயாக இறங்குகின்றன.

டிஸ்போசல் உள்ள தொட்டியில் மட்டும் தண்ணீர் நின்று, பக்கத்துத் தொட்டி ஒழுங்காக வடிந்தால், அடைப்பு டிஸ்போசலுக்கும் அந்த ‘டி’ இணைப்புக்கும் இடையே இருக்கிறது. ஓரடி, ஒன்றரையடி தூரம்தான். டிஸ்போசலின் பக்கவாட்டில் வளைந்து வெளியே வரும் குழாயைக் கழற்றினால் பெரும்பாலும் அங்கேயே ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டு தொட்டியிலும் நின்றாலோ, டிஸ்போசலை ஓட்டும்போது கலங்கிய தண்ணீர் பக்கத்துத் தொட்டியில் குமிழியிட்டு மேலே வந்தாலோ அடைப்பு ‘டி’யைத் தாண்டி, வளைவிலோ சுவருக்குள்ளோ இருக்கிறது. ஒரே தொட்டி உள்ள வீடுகளில் இந்தச் சோதனைக்கு வழியில்லை, வளைவிலிருந்தே தொடங்கலாம்.

கலிபோர்னியாவில் குடியேறியவர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அங்கே சிங்க்கின் மேல், குழாய்க்குப் பக்கத்தில், மூடி போட்ட சிறிய உருளை ஒன்று நிற்கும். அழுக்குத் தண்ணீர் டிஷ்வாஷருக்குள் திரும்பிப் போகாமலிருக்க வைத்த காற்று இடைவெளி அது. டிஷ்வாஷர் ஓடும்போது அந்த உருளையின் ஓரத்திலிருந்து தண்ணீர் பீறிட்டால், அதிலிருந்து டிஸ்போசலுக்குப் போகும் ரப்பர் குழாயிலோ டிஸ்போசலிலோ அடைப்பு இருக்கிறது.

டிஸ்போசலைப் புதிதாக மாட்டிய அன்றே டிஷ்வாஷரில் தண்ணீர் தேங்கினால் காரணம் வேறு. டிஸ்போசலில் டிஷ்வாஷர் குழாய் சேரும் வாயைத் தொழிற்சாலையிலேயே ஒரு பிளாஸ்டிக் அடைப்பால் மூடித்தான் அனுப்புவார்கள், எல்லா வீட்டிலும் டிஷ்வாஷர் இருக்காது என்பதால். டிஷ்வாஷர் இருந்தால் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி அதை உடைத்து, உள்ளே விழுந்த துண்டை எடுத்துவிட்டுத்தான் குழாயை மாட்ட வேண்டும். அனுபவமுள்ளவர்களே சில நேரம் மறந்துவிடுகிற வேலை இது.

முதலில் பிளஞ்சர்

கைப்பிடியின் முனையில் ரப்பர் கிண்ணம் உள்ள அழுத்துகருவிதான் பிளஞ்சர். அதில் தட்டையான விளிம்புள்ளது சிங்க்குக்கு. உள்ளிருந்து இன்னொரு ரப்பர் மடிப்பு நீட்டிக்கொண்டிருப்பது கழிப்பறைக்கு. இரண்டையும் தனித்தனியாக வாங்கி வைத்துக்கொள்வது சுகாதாரம்.

அழுத்தத் தொடங்குமுன் இரண்டு இடங்களை அடைக்க வேண்டும். இரண்டு தொட்டிச் சிங்க்கானால் மற்றத் தொட்டியின் வாயை ஈரத்துணியால் இறுக மூடி, ஒருவர் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்த வழியாகவே வெளியேறிவிடும், கூடவே அழுக்குத் தண்ணீரும் முகத்துக்கு வரும். அடுத்தது டிஷ்வாஷர் குழாய். சிங்க்குக்கு அடியில் டிஸ்போசலின் மேல்பாகத்தில் வந்து சேரும் அந்த ரப்பர் குழாயை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்து ஒரு கிளாம்பால் நெரித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் அழுத்தினால் சாக்கடைத் தண்ணீர் டிஷ்வாஷருக்குள் இருக்கும் தட்டுகள்மேல் போய்ச் சேரும்.

பிளஞ்சரின் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். காற்றை அழுத்துவதால் பயனில்லை. தண்ணீர்தான் அழுத்தத்தைக் கடத்தும். ஒரே சீராகப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி, கடைசி முறை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அடைப்பு நகர்ந்தால் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும். இறங்கியதும் நிறுத்திவிடாமல், குழாயை முழுதாகத் திறந்து சில நிமிடம் ஓடவிட வேண்டும். உடைந்த துண்டுகள் அடுத்த வளைவில் போய் மறுபடி சேராமலிருக்க அது உதவும்.

பேக்கிங் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றும் முறையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். நுரை பொங்குவது பார்க்க வேகமாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து, மிஞ்சுவது ஏறத்தாழ உப்புத் தண்ணீர். வாடை குறையலாம், சாதமும் கொழுப்பும் சேர்ந்த கட்டி அசையாது.

கடையில் விற்கும் அடைப்பு நீக்கித் திரவங்கள் வேறு ரகம். பெரும்பாலானவற்றில் காஸ்டிக் சோடா. சிலவற்றில் கந்தக அமிலம். தண்ணீர் நின்றுவிட்ட சிங்க்கில் இதை ஊற்றினால் அது அடைப்பைப் போய்ச் சேராமல் டிஸ்போசலுக்குள்ளேயே தங்கி, உலோகத்தையும் ரப்பரையும் அரிக்கும். டிஸ்போசல் செய்யும் நிறுவனங்களே வேண்டாம் என்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து, அதற்குப் பிறகு பிளஞ்சரை அழுத்துகிறவருக்கும் குழாயைத் திறக்கிறவருக்கும். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது என்றால் மேற்கொண்டு எதையும் தொடாமல், வருகிற பிளம்பரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு திரவம் பலிக்கவில்லை என்று இன்னொன்றை அதன்மேல் ஊற்றுவது நச்சுப் புகையில் முடியலாம்.

வளைவைத் திறப்பது

பிளஞ்சருக்கு மசியாத அடைப்பு என்றால் அடுத்தது பி-ட்ராப். சிங்க்குக்கு அடியில் ‘ப’ எழுத்தைப்போல் கீழ்நோக்கி வளைந்திருக்கும் துண்டு அது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி, சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. அதே காரணத்தால் கனமான எதுவும் முதலில் தங்குவதும் அங்கேதான். பார்க்கப் பெரிய வேலையாகத் தோன்றும். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் அரை மணி நேர வேலை. கையுறையும் பக்கெட்டும் போதும், ஸ்பேனர்கூடத் தேவைப்படாது.

தொட்டியில் நிற்கும் தண்ணீரை முடிந்தவரை மொண்டு வெளியேற்றிவிட வேண்டும். கேபினட்டில் உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டு, வளைவுக்கு நேர் கீழே அகலமான பக்கெட். பிறகு செல்போனில் ஒரு படம். இந்தப் படம் முக்கியம். வளைவின் இரு முனையிலும் பெரிய பிளாஸ்டிக் நட் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருபக்கம் சரிவான வாஷர் இருக்கும். அந்தச் சரிவு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதுதான் திரும்ப மாட்டும்போது எல்லோருக்கும் வருகிற சந்தேகம். தலைகீழாகப் போட்டால் கசியும். நட்டைத் திருகித் தளர்த்தும்போதே வாஷர் இருக்கும் நிலையை இன்னொரு படம் எடுத்துக்கொண்டால் நல்லது.

இரண்டு நட்டும் தளர்ந்ததும் வளைவு கையோடு வந்துவிடும், கூடவே கலங்கிய தண்ணீரும். உள்ளே இருப்பதை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷால் பக்கெட்டிலேயே தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். கழுவ வேண்டுமானால் குளியலறைக்கு எடுத்துப்போக வேண்டும். பழக்க தோஷத்தில் அதே சிங்க்கில் கழுவினால், கீழே குழாய் இல்லாத நிலையில், தண்ணீர் நேராகக் கேபினட்டுக்குள் கொட்டும்.

திரும்ப மாட்டும்போது கை இறுக்கம் போதும். பிளாஸ்டிக் நட்டைக் கருவி போட்டு இறுக்கினால் மரை அழிந்துவிடும். மாட்டிய பிறகு தொட்டியைப் பாதிவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிக்கொடுக்கும்.

வளைவிலிருந்து வெளியே வருவது

தமிழ் வீடுகளில் அந்த வளைவைத் திறந்தால் வருவது பெரும்பாலும் வெள்ளையும் சாம்பலும் கலந்த, மாவு போன்ற ஒரு கூழ். அது சாதம். வெந்த அரிசியை டிஸ்போசல் பசையாக அரைத்துவிடுகிறது. பசை வளைவில் தங்கி, தண்ணீரை உறிஞ்சி இன்னும் உப்பி, குழாயின் சுவரில் படிகிறது. இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரும் இதே வேலையைச் செய்கிறது. அரிசி மாவு அடியில் தங்க, உளுந்தின் வழவழப்பு அதைப் பிடித்துவைக்கிறது. மாவை முதலில் கரண்டியால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவினால் பாதிச் சிக்கல் குறையும்.

நார் இன்னொரு வகை. முருங்கைக்காய் சக்கை, வாழைப்பூ நரம்பு, வாழைத்தண்டு நார், சோளத் தோகை, வெங்காயச் சருகு ஆகியவை தேய்வதில்லை. சுழலும் உலோகத் துண்டுகளைச் சுற்றிக்கொள்ளும், இல்லையென்றால் நீளநீளமாகக் குழாய்க்குள் போய் மற்றதையெல்லாம் பிடித்துவைக்கும் வலையாக மாறும். கறிவேப்பிலையும் அப்படித்தான், சின்ன இலைதானே என்று விட்டுவிடுகிறோம். ஃபில்டர் காப்பிச் சக்கை இயந்திரத்தைத் தொந்தரவு செய்யாமல் இறங்கிவிடும்; வளைவில் போய்ப் படியும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைப்பது எண்ணெய். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். நெய்யும் சற்றே குளிர்ந்தால் உறையும். சென்னையில் தேங்காய் எண்ணெய் ஆண்டு முழுக்கப் பெரும்பாலும் நீராகவே இருப்பதால், அது குழாயை அடைக்கும் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை. சிகாகோவில் ஜனவரி மாதத்தில் வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாய்க்குள் அதே எண்ணெய் சில அடி போவதற்குள் மெழுகாகிவிடும். இது வீட்டோடு நிற்கும் விஷயமும் அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையின்படி, காரணம் தெரிந்த சாக்கடை அடைப்புகளில் 47 விழுக்காட்டுக்குக் கொழுப்பும் எண்ணெயுமே காரணம். அப்பளம் பொரித்த எண்ணெய் ஆறியதும் ஒரு பழைய ஜாடியில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுவதும், தாளித்த கரண்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுவதும் அரை நிமிட வேலைகள்தான்.

டிஸ்போசலை ஓட்டும்போது திறக்க வேண்டியது குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோய்ச் சுவருக்குள், கைக்கு எட்டாத இடத்தில் உறைய வைக்கும். குளிர்நீரில் கொழுப்பு கெட்டியாகவே இருப்பதால் துணுக்காக அரைபட்டு அடித்துச் செல்லப்படும். தண்ணீரை முதலில் திறந்து, பிறகு ஸ்விட்சைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, அரைக்கும் சத்தம் ஓய்ந்த பிறகும் அரை நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். பலரும் சத்தம் நின்றதும் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். அரைத்த கூழ் அப்போது வளைவைக்கூடத் தாண்டியிருக்காது.

சாக்கடை இணைப்பு இல்லாமல் தோட்டத்தில் செப்டிக் தொட்டி உள்ள வீடுகளில் டிஸ்போசலை முடிந்தவரை தவிர்க்குமாறு அதே முகமை சொல்கிறது. அரைத்த உணவெல்லாம் தொட்டியில் கசடாகச் சேர்ந்து அதை விரைவில் நிரப்பிவிடும். கலிபோர்னியாவில் 2022 முதல் உணவுக் கழிவைத் தனியாகச் சேகரிக்கும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பல ஊர்களில் சாதமும் சக்கையும் நேராக அதற்கான பச்சைக் குப்பைத் தொட்டிக்கே போகலாம். டிஸ்போசலுக்குத் தட்டில் ஒட்டிய மிச்சம் மட்டும் போனால் போதும்.

சுவருக்குள்

வளைவைக் கழற்றிப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடைப்பு சுவருக்குள் போகும் குழாயில். அதற்கு டிரெயின் ஸ்நேக் என்ற நீளமான கம்பிச் சுருள் வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் கம்பி சுழன்றுகொண்டே உள்ளே போகும். கால் அங்குலத் தடிமனும் 25 அடி நீளமும் உள்ள ஒன்று சமையலறைக்குப் போதும். ஹோம் டிப்போ, லோஸ் போன்ற கடைகளில் கிடைக்கும். டிஸ்போசலின் வாய் வழியாக அதை விடக் கூடாது; உள்ளே இருக்கும் தட்டில் மாட்டிக்கொள்ளும். வளைவைக் கழற்றிய பிறகு சுவரில் தெரியும் குழாய் வாயில்தான் விட வேண்டும். முட்டும் இடத்தில் பலம் காட்டாமல், கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மெதுவாகத் தள்ளினால் முனை அடைப்பைத் துளைக்கும், அல்லது கொத்திக்கொண்டு வெளியே வரும். கம்பியை இழுக்கும்போது அடியில் பழைய துணி விரித்திருக்க வேண்டும். அதில் வழியும் கரிய சேறு எளிதில் போகாது.

25 அடியும் தடையில்லாமல் உள்ளே போயும் பயனில்லை என்றால் வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியது முடிந்தது; இனி பிளம்பர்தான்.

வேலையைத் தொடங்குமுன்னரே ஆளைக் கூப்பிட வேண்டிய நேரங்களும் உண்டு. சிங்க்கோடு குளியல் தொட்டியும் நிரம்பினால், துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது சமையலறையில் கொப்பளித்தால், அடைப்பு வீட்டின் முதன்மைக் குழாயில் இருக்கிறது. பிளஞ்சரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. உடனே எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு பிளம்பரை அழைக்க வேண்டும். அடுக்ககத்தில், யாரும் குழாயைத் திறக்காதபோதே சிங்க்கில் தண்ணீர் ஏறினால் அது மேல்மாடிக்காரர்களின் தண்ணீர். எல்லா மாடிகளுக்கும் பொதுவான செங்குத்துக் குழாய் அடைபட்டிருக்கிறது. எத்தனை முறை மொண்டு ஊற்றினாலும் அது வந்துகொண்டே இருக்கும். நள்ளிரவானாலும் அடுக்கக நிர்வாகத்தின் அவசர எண்ணை அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், குறிப்பாகப் புதிதாக வந்தவர்கள், பழுது என்று சொன்னால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்து நாட்கணக்கில் சொல்லாமல் இருப்பதுண்டு. அதற்குள் கேபினட்டின் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டால் அதுதான் உண்மையான செலவு. சாக்கடைக் குழாயை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது பெரும்பாலான இடங்களில் வீட்டு உரிமையாளரின் கடமை. கலிபோர்னியாவின் குடிமைச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. குடியிருப்பவர் தவறான பொருளைப் போட்டதால் வந்த அடைப்புக்கு அவரிடமே செலவைக் கேட்கலாம் என்று பல வாடகை ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும், அதையும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மெயின்டனன்ஸ் ஆளிடம் ‘சிங்க் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, கருவி எடுத்துவரத் திரும்பிப் போவார். மோட்டார் ஓடுகிறதா, முனகுகிறதா, சத்தமே இல்லையா; தண்ணீர் ஒரு தொட்டியிலா, இரண்டிலுமா; வேறு எங்காவது தண்ணீர் ஏறுகிறதா; ஏதாவது ரசாயனம் ஊற்றினோமா. இந்த நான்கையும் நான்கு வரியில் எழுதி, நிற்கும் தண்ணீரையும் சிங்க்குக்கு அடியில் இருக்கும் குழாயையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்பினால் அவர் சரியான கம்பிச் சுருளோடு வருவார். அவர் வருவதற்குள் கேபினட்டைக் காலிசெய்து, பக்கெட்டை அடியில் வைத்து, டிஸ்போசலின் ப்ளக்கைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும்.